புதிய போதகருக்கு: சபையில் முதல் ஆண்டு

ஒரு சபையின் பொறுப்பை முதல்முறையாக ஏற்கப்போகிற போதகர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரசங்கம் தயாரிக்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சபைச் சரித்திரம் படித்திருப்பீர்கள். ஆனால் நள்ளிரவில் போன் அடித்து, "ஐயா, அப்பா போயிட்டாங்க" என்று ஒருவர் அழும்போது என்ன சொல்வது? பொருளாளரும் பாடகர் குழுத் தலைவரும் முகம் பார்த்துப் பேசாத சபையில் முதல் கமிட்டிக் கூட்டத்தை எப்படி நடத்துவது? திங்கட்கிழமை காலையில் உள்ளமெல்லாம் காலியாகக் கிடக்கும்போது எப்படி எழுந்திருப்பது? இவற்றையெல்லாம் வகுப்பறையில் முழுதாகக் கற்றுக்கொள்ள முடியாது. சபையார் மத்தியில்தான் முடியும், அதுவும் மெதுவாக.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10-ம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அதை நாம் நன்றாகப் பிரசங்கிக்கிறோம். அதையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. முதல் ஆண்டில் உங்கள் பிரதான வேலை அதுதான்: ஆட்களை அறிவது. கீழே சொல்கிற படிகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அதோடு சேர்ந்தவை.

முதல் படி: ஒரு நோட்டு

முதல் வாரத்திலேயே ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். வீட்டில் யார் யார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் எப்போது இறந்தார்கள், எந்தத் தேதி அந்த வீட்டில் கனமான தேதி என்று குறித்துவையுங்கள். சந்தித்துவிட்டு வந்த அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் பாதி மறந்துபோகும்.

எழுதக்கூடாதது ஒன்று உண்டு. ஒருவர் மனம் உடைந்து உங்களிடம் அறிக்கையிட்ட பாவம், குடும்ப ரகசியம், இவை அந்த நோட்டில் வரவே கூடாது. நோட்டு தொலையலாம், பிறர் கண்ணில் படலாம்.

தினமும் காலையில் ஐந்து குடும்பங்களைப் பேர் பேராகச் சொல்லி ஜெபியுங்கள். 60 குடும்பங்கள் உள்ள சபை என்றால் 12 நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். பவுல் ரோமாபுரிக்குப் போவதற்கு முன்பே அந்தச் சபைக்கு நிருபம் எழுதினார். அதன் 16-ம் அதிகாரத்தில் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பேர்சொல்லி வாழ்த்துகிறார். இவள் எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்டாள், இவன் என்னோடே காவலில் இருந்தான் என்று அவர்களில் பலரைப் பற்றியும் அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. நேரில் போகாத சபையையே அவர் அப்படி அறிந்திருந்தார்.

ஜெபித்த ஐவரில் ஒருவருக்கு அன்றே போன் செய்யுங்கள். "இன்னைக்குக் காலையில உங்களுக்காக ஜெபம் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசினால் கேளுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

இரண்டாம் படி: எதையும் அவசரமாக மாற்றாதீர்கள்

இதை நான் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். பொறுப்பேற்ற இரண்டாம் மாதம், ஆராதனை நீண்டுபோகிறது என்று முடிவில் பாடும் ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்காரும் ஒரு பெரியவர் மட்டும் வருவதை நிறுத்திவிட்டார். பல வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய மனைவி நோயில் படுத்திருந்த காலத்தில் சபையார் அவர்களுக்காகப் பாடத் தொடங்கிய பாட்டு அது. அந்த அம்மா இறந்த பிறகும் சபை அதை விடவில்லை. நான் மிச்சப்படுத்தியது நான்கு நிமிஷம். எடுத்துப்போட்டது என்ன என்று எனக்குத் தெரியவே இல்லை.

ஆகவே ஆராதனை முறை, நேரம், நாற்காலி வரிசை, பாட்டுப் புத்தகம் எதுவானாலும் ஓராண்டு அப்படியே விடுங்கள். "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பதில்களில் சபையின் சரித்திரம் முழுக்கக் கிடைக்கும். ஓராண்டு கழித்து மாற்ற வேண்டியதை மாற்றும்போது, எது யாருக்கு வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று காரியங்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது: பிள்ளைகளின் பாதுகாப்பு, காணிக்கைப் பணத்தில் கணக்கில்லாமை, சுவிசேஷத்தையே மாற்றிப்போடும் போதனை. இவற்றை முதல் வாரத்தில் கண்டால் முதல் வாரத்திலேயே கையில் எடுங்கள்.

சபை உங்களை விரும்பாத நிலையிலும் நீங்கள் நியமிக்கப்படலாம். சார்லஸ் சிமியோன் என்ற போதகர் 1782-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 23. சபையார் வேறொருவரை எதிர்பார்த்திருந்தார்கள். குடும்பங்கள் வாடகைக்கு எடுத்திருந்த, கதவு வைத்த இருக்கைகளைப் பூட்டிவிட்டு, வராமல் இருந்தார்கள். வந்தவர்கள் உட்கார நடைபாதையில் அவர் போட்ட நாற்காலிகளையும் ஆலய அதிகாரிகள் வெளியே தூக்கிப்போட்டார்கள். அவர் பதிலுக்குப் பதில் செய்யவில்லை. நின்றுகொண்டு கேட்க மனமுள்ளவர்களுக்குப் பிரசங்கித்தார். 1836-ல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அதே சபையில் இருந்தார். எல்லாரும் அவ்வளவு காலம் இருக்க முடியாது. ஆனால் முதல் கசப்பிலேயே மாற்றல் கேட்கத் தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீடுகளுக்குப் போங்கள்

17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், உதவி ஊழியர் ஒருவரோடு சேர்ந்து திங்கள், செவ்வாய் இரண்டு நாளையும் குடும்பம் குடும்பமாகச் சந்தித்துப் பேசுவதற்கென்றே ஒதுக்கினார். வாரத்துக்கு 15, 16 குடும்பங்கள். ஆண்டுக்குள் 800 குடும்பங்களுக்கு மேல். உங்களால் வாரத்துக்கு நான்கு வீடு முடியும் என்றால் நான்கு. நாளைக் குறித்துக்கொண்டு அதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் போதும். அதில் முக்கால் பங்கு அவர்கள் பேசட்டும். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 18:13. கடைசியில் ஒரு சங்கீதத்தில் சில வசனங்கள், அப்புறம் ஜெபம். அந்த ஜெபத்தில் அவர்கள் அன்று சொன்ன காரியங்கள் வர வேண்டும். எந்த வீட்டுக்கும் பொருந்துகிற ஜெபத்தைச் செய்துவிட்டு எழுந்தால், நீங்கள் கேட்கவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நன்றாக உபசரிக்கிற வீடுகளுக்கு அடிக்கடி போகத் தோன்றும். நோட்டைப் பார்த்தால் எந்த வீட்டுக்கு நான்கு முறை போனோம், எந்த வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை என்று தெரியும். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லவே வேண்டாம், நல்ல செய்தியாக இருந்தாலும். அதைச் சொல்லும் சந்தோஷம் அந்த வீட்டாருக்கு உரியது.

ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காதீர்கள். நின்றுகொண்டு பேசாமல் நாற்காலி இழுத்துப்போட்டு உட்காருங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் சுருக்கமாக ஜெபியுங்கள். பக்கத்துப் படுக்கையிலும் ஒரு நோயாளி இருக்கிறார்.

நான்காம் படி: மரண வீடு

இங்கேதான் புதிய போதகர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயம் வந்தால் அதிகம் பேசுவோம். ஊழியத்தின் தொடக்கத்தில், பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் ரோமர் 8:28-ஐச் சொல்லி, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். வசனம் சத்தியம். அந்த நேரம் அதற்கானது அல்ல. சில வருஷம் கழித்து அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க பேசாம உட்கார்ந்திருக்கலாம் ஐயா." அதைச் சொல்ல அவருக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் சரியானது. வாய் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. யோவான் 11-ம் அதிகாரத்தையும் கவனமாக வாசித்துப் பாருங்கள். மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஒரே வார்த்தை: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுவதைக் கண்டபோது கலங்கி, கண்ணீர்விட்டார். சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். ஆனாலும் அந்த நேரத்தில் அழுதார். இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே பதில் அவரிடமிருந்து வரவில்லை. யாருக்கு வார்த்தை வேண்டும், யாருக்குக் கண்ணீர் வேண்டும் என்று தெரிய, அவர்களை முன்னமே அறிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நோட்டும் அந்த வீடு சந்திப்பும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. செய்தி வந்ததும் போங்கள். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்பதற்கு மேல் வார்த்தை தேட வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள்; பலரும் பயந்து அதைத் தவிர்ப்பார்கள். அடக்க ஆராதனைக்கு முன் குடும்பத்தாரோடு உட்கார்ந்து அவரைப் பற்றிக் கேளுங்கள். பிரசங்கத்தில் அவரைப் பரிசுத்தவானாகவும் ஆக்க வேண்டாம், அவர் எங்கே போனார் என்று தீர்ப்பும் சொல்ல வேண்டாம். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைச் சொல்லுங்கள், சுருக்கமாக. தற்கொலையால் இறந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தக் குடும்பம் ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் நோட்டில் மூன்று தேதி எழுதுங்கள்: ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, முதல் வருஷ நாள். அந்த மூன்று நாளும் போங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: பிரசங்கத்துக்கு ஒரு வாராந்தர ஒழுங்கு

சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் தேடுகிற பழக்கம் வந்துவிட்டால் விடுவது கடினம். செவ்வாய்க்கிழமையே வேதபகுதியைப் பலமுறை வாசியுங்கள், விளக்கவுரை எதையும் திறக்காமல். புதன்கிழமை, இந்தப் பகுதி சொல்வது என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். வியாழனும் வெள்ளியும் எழுதுங்கள். எழுதியதைக் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். சனிக்கிழமை மாலை புத்தகத்தை மூடிவிடுங்கள்.

வேதத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து வாராவாரம் தொடர்ந்து பிரசங்கிப்பது நல்லது. அடுத்த வாரம் என்ன என்ற தவிப்பு இருக்காது. ஒரு கடினமான வசனம் வந்தாலும், "என்னைக் குறிவைத்துத்தான் இதை எடுத்தார்" என்று யாரும் சொல்ல முடியாது. பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரைச் சாடுவதை ஒருநாளும் செய்யாதீர்கள். அவரால் எழுந்து பதில் சொல்ல முடியாது. உங்களிடம் தனிமையில் சொல்லப்பட்ட எதையும், பெயரை மாற்றினாலும்கூட, உதாரணமாகச் சொல்ல வேண்டாம். சொன்னவர் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். மரணம் நெருங்கிய நிலையில், சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவைக் கொண்டுவரச் சொன்னவற்றில் ஒரு மேலங்கியும் புத்தகங்களும் தோற்சுருள்களும் இருந்தன.

ஆறாம் படி: பணமும் தனிமையும்

காணிக்கையை நீங்கள் எண்ணாதீர்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். வருஷக் கணக்கைச் சபையார் முன் வாசியுங்கள். எருசலேமுக்கு உதவிப்பணம் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரையும் கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் சொல்கிறார். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. பார்த்தால் முகம் மாறும், நமக்கே தெரியாமல் மாறும். சபையாரிடம் கடன் மட்டும் வாங்கவே வேண்டாம்.

அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய கூட்டாளிகளும் 1948-ல் அங்குள்ள மொடெஸ்டோ நகரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதில் விழுகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். பணம், பாலியல் தூய்மை, உள்ளூர்ச் சபைகளை இழிவாகப் பேசுவது, கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். சோதனை வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

ஆலோசனைக்கு வருகிறவரோடு பேசும்போது வெளியிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்த இடத்திலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். "உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா உதவி கூப்பிடுவேன், மத்தது என்னோட இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாக நினைப்பதாக ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். குடும்பத்தையும் மருத்துவரையும் சேருங்கள். பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவது தெரிந்தால் சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். சபையின் பெயர் கெடும் என்று மூடிமறைத்தால் அந்தப் பிள்ளையைக் கைவிட்டதாகும். அடிவாங்கி வருகிற பெண்ணிடம், பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ என்று சொல்லாதீர்கள். முதலில் அவருக்குப் பாதுகாப்பான இடம்.

ஏழாம் படி: சண்டை வரும்போது

வரும். பவுலுக்கும் பர்னபாவுக்குமே வந்தது. முதலில் வந்து பேசுகிறவர் சொல்வது முழு நியாயமாகத் தோன்றும். அதனால் மறுபக்கம் கேட்கும்வரை தலையைக்கூட ஆட்டாதீர்கள். நீதிமொழிகள் 18:17-ஐ மேஜைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். பெயரில்லாத கடிதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எந்த விவாதத்துக்கும் பதில் எழுத வேண்டாம், நேரில் போங்கள். உங்களைக் குறைசொன்ன கடிதத்துக்கு ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பதில் எழுதுங்கள். அதில் உண்மை கொஞ்சம் இருந்தால், அந்தக் கொஞ்சத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

எட்டாம் படி: உங்களைக்குறித்தும்

எபேசு சபையின் மூப்பர்களிடம் பவுல், "உங்களைக்குறித்தும்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மந்தையைக்குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள், அது எந்த நாள் என்று சபைக்கும் சொல்லுங்கள். மோசே காலைமுதல் சாயங்காலம்வரை தனியாக நியாயம் விசாரித்ததைப் பார்த்து மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். மற்றவர் செய்யக்கூடிய வேலையை மற்றவரிடம் கொடுங்கள், உங்களைவிடக் கொஞ்சம் குறைவாகச் செய்தாலும் சரி. உங்கள் மனைவியோ கணவரோ சபையின் சம்பளமில்லாத ஊழியர் அல்ல. அவர்களுக்கு மனமுள்ளதைச் செய்யட்டும். பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். சபைக்கு வெளியே, மனம்விட்டுப் பேச ஒரு போதகரையாவது தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை சந்தியுங்கள்.

சோர்வு வந்தால் அதை அவிசுவாசம் என்று எண்ணாதீர்கள். எலியா கர்மேலில் ஜெயித்த கையோடு, சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்றான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். சாப்பாடு கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தார். அதற்கப்புறம்தான், ஓரேபில், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி. கடைசியில் எலிசாவை அவனுக்குத் துணையாகக் காட்டினார். அந்த வரிசையை உங்கள் விஷயத்திலும் பின்பற்றுங்கள்: தூக்கம், சாப்பாடு, பிறகு தேவனோடு பேச்சு, பிறகு ஒரு துணை. 1856 அக்டோபர் 19 அன்று லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியாரின் கூட்டத்தில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்தப் பாரம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. தன் மனச்சோர்வை அவர் மாணவர்களிடம் மறைக்கவும் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், ஜெபிக்கவும் முடியாமல் போனால் மருத்துவரிடம் போங்கள். லூக்காவும் மருத்துவர்தான்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1813-ல் பர்மாவுக்குப் போனார். முதல் ஞானஸ்நானம் 1819-ல்தான். இடைப்பட்ட அந்த ஆறு வருஷத்தை யாராவது புள்ளிவிவரமாகப் பார்த்திருந்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த வருஷங்களில் அவர் மொழியைக் கற்றார், வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சபையின் கூட்டத்தைப் பார்த்து மனம் சோரும்போது நோட்டைத் திறந்து, இந்த மாதம் யார் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று வாசித்துப்பாருங்கள்.

ஒருநாள் அந்தச் சபையைவிட்டுப் போவீர்கள். போகுமுன் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்காகப் புதிதாக ஒரு பட்டியல் எழுதுங்கள்: குடும்பங்களின் பெயர்கள், வீட்டைவிட்டு வர முடியாதவர்கள், நோயாளிகள், கனமான தேதிகள். யாரைப் பற்றியும் குறை எழுத வேண்டாம்; அவர்கள் புதியவரோடு புதிதாகத் தொடங்கட்டும். அதைக் கையில் கொடுத்த பிறகு பழைய நோட்டை எரித்துவிடுங்கள். எரிப்பதற்கு முன், கடைசியாக ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.